கேமிங் கணினிக்குப் புது மதர்போர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கேமிங் கணினியை மேம்படுத்தலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது மதர்போர்டில்தான். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் "இந்த கேமில் இத்தனை ஃப்ரேம்" என்று ஒப்பிட்டுப் பார்க்க எண்கள் இருக்கின்றன. மதர்போர்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெட்டி முழுக்க எழுத்தும் எண்ணுமாக இருக்கும், எதற்கு என்ன பொருள் என்று தெரியாது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், சொந்தக் கணினியில் கைவைத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மதர்போர்டை மாற்றினால் கேம் வேகமாக ஓடுமா?

ஓடாது. பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் அதேதான், போர்டு மட்டும் சாதாரணமானதற்குப் பதில் விலை உயர்ந்தது என்றால் ஃப்ரேம் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. பழைய போர்டு பிராசஸருக்குப் போதிய மின்சாரம் தர முடியாமல் திணறிக்கொண்டிருந்தாலோ, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடாமல் இருந்தாலோதான் மாற்றம் தெரியும்.

எந்தப் பிராசஸரை மாட்டலாம், எந்த ரேம் போடலாம், எத்தனை எஸ்எஸ்டி வைக்கலாம், நான்கு வருடம் கழித்து மறுபடி கைவைக்கும்போது எதையெல்லாம் மாற்றாமல் தப்பிக்கலாம் என்பதெல்லாம்தான் மதர்போர்டின் கையில் இருக்கிறது. உங்கள் தேவைக்குச் சரியான போர்டு கிடைத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் அது திரையில் தெரியும்.

அப்படியென்றால் எனக்குப் புது போர்டு தேவையா இல்லையா?

முதலில் கணினியை எது பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்து அதே இடத்தில் ஓடவிடுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை எகிறினால் இதுவரை திணறியது கிராபிக்ஸ் கார்டு. போர்டைத் தொடவே வேண்டாம், கார்டை மாற்றுங்கள். எண்ணிக்கை நகராமல் அப்படியே நின்றால் பிராசஸர் பக்கம்தான் சிக்கல்.

பிராசஸர்தான் சிக்கல் என்றாலும் உடனே புது போர்டுக்கு ஓட வேண்டாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் முதல் ரைசன் பிராசஸர்களோடு வந்த போர்டுகள் பலவற்றில், பயாஸை (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வேலை செய்கிறது. அதன் தம்பியான 5700எக்ஸ்3டி 2024 ஜனவரியில் வந்தது. இவற்றில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு, 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருக்கிறது. கேம்களுக்கு இது மிகவும் உதவும். பழைய போர்டு, பழைய டிடிஆர்4 ரேம், பழைய கூலர் எல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு பாகத்தை மாற்றிவிட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். இன்டெல் 12-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்களும் பயாஸ் புதுப்பித்த பின் அதே எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் 14-ஆம் தலைமுறை வரை போகலாம்.

உங்களிடம் என்ன போர்டு இருக்கிறது என்று தெரியாவிட்டால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பாருங்கள், பெயரும் பயாஸ் பதிப்பும் வந்துவிடும். அந்தப் பெயரை ஓர் எழுத்துகூட விடாமல் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் "ஆதரிக்கப்படும் பிராசஸர்கள்" பட்டியலைத் தேடுங்கள். பெயரின் கடைசியில் வரும் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு போர்டு.

சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தால் மாட்டிவிடலாமா?

அதை மட்டும் நம்பக் கூடாது. இன்டெலின் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் 6, 7-ஆம் தலைமுறைகளும் வந்தன, 8, 9-ஆம் தலைமுறைகளும் வந்தன. இரண்டு ஜோடிப் பிராசஸர்களும் போர்டில் உட்காரும், ஆனால் முதல் ஜோடியின் போர்டில் இரண்டாவது ஜோடி இயங்காது. நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உறுதி.

புதிதாக வாங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பிராசஸரிலிருந்து. அதைத் தீர்மானித்துவிட்டால் சாக்கெட் தானாக வந்துவிடும், கூடவே ரேம் வகையும்.

ஏஎம்டி பக்கம் ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்தது, டிடிஆர்5 மட்டுமே எடுக்கும். 7000, 8000, 9000 வரிசை ரைசன்கள் இதில் உட்காரும். இந்தச் சாக்கெட்டை 2027-க்கும் அப்பால் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700, 12 முதல் 14-ஆம் தலைமுறை வரைக்கானது. அதற்குப் பிறகு 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 வந்தது, கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு, இதுவும் டிடிஆர்5 மட்டும்.

கேமுக்காகவே கணினி வைத்திருப்பவருக்கு என் தேர்வு ஏஎம்5. எண்ணின் பின்னால் எக்ஸ்3டி வரும் பிராசஸர்கள் கேமில் கொடுக்கும் பலன் ஒரு காரணம். இன்றைக்கு ஆறு கோர் பிராசஸரோடு தொடங்கிவிட்டு, சில வருடம் கழித்துப் போர்டைக் கழற்றாமலேயே பெரியதற்குப் போகலாம் என்பது இன்னொன்று.

எல்ஜிஏ 1700-இல் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்நிலைப் பிராசஸர்களை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அளவுக்கு மீறிய வோல்டேஜால் அவை காலப்போக்கில் சீர்கெட்டு கேம் நடுவே நின்றுபோகும் சிக்கல் இருந்தது. அதற்கான மைக்ரோகோட் (பயாஸ் வழியாக வரும், பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து வெளியிட்டது. போர்டை மாட்டியதும் பயாஸைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் மற்ற வேலையைப் பாருங்கள்.

பி650, எக்ஸ்870, இசட்790 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எது எனக்கு?

அதெல்லாம் சிப்செட்டின் பெயர். யுஎஸ்பி எத்தனை, எஸ்எஸ்டி எத்தனை, ஓவர்கிளாக் (நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டுவது) செய்யலாமா என்பதை அது முடிவுசெய்கிறது. பெரும்பாலான வீட்டு கேமிங் கணினிகளுக்கு "பி" வரிசை போதும்: ஏஎம்டியில் பி650 அல்லது பி850, இன்டெலில் பி760 அல்லது பி860.

இன்டெலில் பெயருக்குப் பின்னால் "கே" வரும் பிராசஸரை வாங்கி ஓவர்கிளாக் செய்வதாக இருந்தால் மட்டும் "இசட்" வரிசை வேண்டும். ஏஎம்டியில் பி650-இலேயே ஓவர்கிளாக் முடியும். எக்ஸ்3டி பிராசஸர் வாங்குகிறவர்களுக்கு ஓவர்கிளாக்கால் பெரிய பயனும் இல்லை. எக்ஸ்870 போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம் இருக்கும். அதில் மாட்ட உங்களிடம் ஏதாவது இருந்தால் சரி. இன்டெலின் எச்610 அடிமட்ட வரிசை. அதில் ரேம் ஸ்லாட் இரண்டுதான், ரேமை அதிக வேகத்தில் ஓட்டவும் முடியாது. கேமிங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ரேமைப் புது போர்டில் போடலாமா?

டிடிஆர்4-ஐ டிடிஆர்5 ஸ்லாட்டில் போட முடியாது. இரண்டிலும் 288 பின்கள்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. கையில் இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தால் சில மில்லிமீட்டர் விலகல் தெரியும். உட்காரவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட் உடையும், ரேம் உள்ளே போகாது.

எல்ஜிஏ 1700-க்கு மட்டும் டிடிஆர்4 போர்டுகளும் உண்டு, டிடிஆர்5 போர்டுகளும் உண்டு. ஒரே பெயர்தான் இருக்கும், கடைசியில் "டி4" அல்லது "டிடிஆர்4" என்று சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல 32 ஜிபி டிடிஆர்4 ஏற்கெனவே கையில் இருந்தால் அப்படியொரு போர்டு ரேம் செலவை மிச்சப்படுத்தும்.

நான்கு ரேம் ஸ்லாட் இருக்கிறதே, நான்கையும் நிரப்பலாமா?

டிடிஆர்5-இல் வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200 எம்டி/எஸ் (ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேக எண்), நான்கு போட்டால் 3600. ஓவர்கிளாக் செய்து அதற்கு மேலும் ஓட்டுகிறார்கள், ஆனால் நான்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 16 ஜிபி இரண்டாக எடுத்து, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டிலும் நான்காவது ஸ்லாட்டிலும் போடுங்கள். ஏஎம்5-க்கு 6000 வேக ரேம் விலைக்கும் பலனுக்கும் பொருத்தமான இடம். அதே நாளில் வாங்கிய ஜோடியாக இருக்கட்டும்; ஒன்று இப்போது, இன்னொன்று பிறகு என்று வாங்குவது பல தலைவலிகளுக்கு ஆரம்பம்.

விஆர்எம் என்கிறார்களே, அது என்ன? "14+2+1 பேஸ்" இருந்தால் நல்லதா?

பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு, ஆனால் ஆம்பியர் மிக அதிகம். கோர் ஐ9 14900கே முழு மூச்சில் 253 வாட் எடுக்கும்போது இருநூறு ஆம்பியரை ஒட்டிப் பாய்கிறது. 12 வோல்ட்டை இறக்கி, ஆட்டமில்லாமல் சீராகப் பிராசஸருக்கு ஊட்டும் பகுதிதான் விஆர்எம். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் வரிசையாக நிற்கும் சின்னச் சதுரக் கட்டிகளும், அவற்றை மூடிய உலோக ஹீட்சிங்கும் அதைச் சேர்ந்தவை.

வேலையைப் பல பேஸ்களுக்கு, அதாவது தனித்தனி மின்பாதைகளுக்கு, பங்கிட்டால் ஒவ்வொன்றும் குறைவாகச் சூடாகும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் பேஸ் எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதும், மேலே இருக்கும் ஹீட்சிங்க் கனமானதா அலங்காரத் தகடா என்பதும்தான் முக்கியம். தரமான எட்டு பேஸ், மட்டமான பன்னிரண்டைவிட நன்றாகத் தாங்கும்.

இதில் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ரைசன் 7 7800எக்ஸ்3டி கேம் ஓட்டும்போது 100 வாட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. நடுத்தரமான எந்த பி650 போர்டும் அதைச் சுலபமாகத் தாங்கும். 16 கோர் ரைசன் 9, அல்லது கோர் ஐ9 வாங்கி வீடியோ ரெண்டரிங்கும் செய்பவர்தான் விஆர்எம் பற்றி மெனக்கெட வேண்டும். ஹீட்சிங்கே இல்லாமல் வெறுமனே நிற்கும் விஆர்எம் உள்ள போர்டை மட்டும் எல்லோரும் தவிர்த்துவிடுங்கள். போர்டு சூடாகிப் பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும், உங்களுக்கோ கேம்தான் சரியில்லை என்று தோன்றும்.

பிசிஐஇ 5.0 கட்டாயம் வேண்டுமா?

பிசிஐஇ என்பது கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் போர்டோடு பேசும் வழி, அதில் ஒவ்வொரு பாதையும் ஒரு லேன். இன்றைய கார்டுகளுக்கு 5.0 கட்டாயமில்லை. 16 லேன் ஸ்லாட்டில் 3.0 ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 16 ஜிபி கடத்தும், 4.0 அதில் இரு மடங்கு, 5.0 நான்கு மடங்கு. 16 லேனையும் பயன்படுத்தும் கார்டுகளுக்கு 4.0-உம் 5.0-உம் கேமில் ஏறக்குறைய ஒன்றுதான்.

கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம். சில கார்டுகள் எல்லா லேனையும் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு எட்டு லேன், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு வெறும் நான்கு. இந்த மாதிரிக் கார்டைப் பழைய 3.0 போர்டில் செருகினால், நினைவகம் நிரம்பும் கேம்களில் வேகம் நன்றாகவே விழும். பழைய போர்டை வைத்துக்கொண்டு சின்ன கார்டு வாங்கப்போகிறவர்கள் லேன் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்எஸ்டிக்கு எத்தனை எம்.2 ஸ்லாட்?

எம்.2 என்பது சின்ன எஸ்எஸ்டியைப் போர்டிலேயே நேராகச் செருகும் ஸ்லாட். இரண்டு போதும், மூன்று இருந்தால் நிம்மதி. ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் கையேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் (கேபிள் வழியாக டிஸ்க் இணைக்கும் இடங்கள்) செத்துவிடும். சில இசட்790 போர்டுகளில் 5.0 எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் எட்டாகக் குறையும். லேன்களைப் பங்கிடுவதால் வருவது இது, போர்டில் கோளாறு இல்லை. கையேடு நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வாங்கும் முன்பே படிக்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

அளவு? என் கேபினட்டில் உட்காருமா?

ஏடிஎக்ஸ் 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. பெரிய கேபினட்டில் சின்ன போர்டு உட்காரும், மறுதலையாக நடக்காது. ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி என்று இருப்பவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸில் எந்தக் குறையும் இல்லை.

போர்டின் அளவு மாறினால் கேபினட்டில் இருக்கும் பித்தளைத் தாங்கிகளையும் மாற்றி வையுங்கள். துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றாலும் போர்டின் அடிப்பக்கத்தில் பட்டு ஷார்ட் ஆகலாம்.

பழைய கூலரும் பவர் சப்ளையும் பயன்படுமா?

ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-இல் உட்காரும். போர்டின் பின்தகட்டையே மாற்றச் சொல்லும் கூலர்கள் மட்டும் உட்காராது. இன்டெலில் எல்ஜிஏ 1200-லிருந்து 1700-க்கு வந்தால் துளைகளின் இடைவெளி 75-லிருந்து 78 மி.மீ. ஆகிவிட்டது, தனிப் பொருத்திகள் வேண்டும். 1700-க்கானது 1851-க்கும் பொருந்தும்.

ஏஎம்4-இல் கூலரை நேராக இழுத்துவிடாதீர்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். சற்று நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்த பின், கூலரை மெல்ல இடமும் வலமுமாகத் திருகிக் கழற்றுங்கள்.

பவர் சப்ளை தரமானதாக, போதிய வாட் உள்ளதாக இருந்தால் தொடரலாம். பிராசஸருக்கான 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் உள்ளே வயர்களின் வரிசை வேறு. சுலபமாக உள்ளே போகாவிட்டால் அது தப்பான கேபிள்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் அவசியமா?

இது ஒன்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். 2022-இல் தயாரான பி650 போர்டு பழைய பயாஸோடு கிடங்கில் இருந்திருக்கும். அதில் ரைசன் 9000-ஐ மாட்டினால் அடையாளம் தெரியாமல் கணினி எழவே எழாது. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி எழ வேண்டும், கணினி எழப் புது பயாஸ் வேண்டும். ஃப்ளாஷ்பேக் வசதி இருந்தால் பிராசஸர், ரேம் எதுவும் இல்லாமல், பவர் சப்ளையை மட்டும் இணைத்து, பென் டிரைவிலிருந்தே பயாஸை ஏற்றிவிடலாம். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும், கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரையே வைக்க வேண்டும். விளக்கு மினுக்குவது நிற்கும் வரை கைவைக்காதீர்கள்.

வைஃபை, ஒலி?

கேபிள் இழுக்க முடியாத அறை என்றால் வைஃபை உள்ள போர்டாக எடுங்கள், ப்ளூடூத்தும் சேர்ந்தே வரும். பெட்டியில் இருக்கும் ஆன்டெனாவை மறக்காமல் மாட்டுங்கள். ஒலிக்கு எந்தப் போர்டும் போதும்.

பயன்படுத்திய போர்டு வாங்கலாமா?

வாங்கலாம், சாக்கெட்டைப் பார்த்த பிறகு. எல்ஜிஏ வகையில் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேல், தலைமுடி கனத்தில், ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். நேரான பின்கள் எல்லாம் ஒரே மாதிரி மின்னும், வளைந்தது மட்டும் கறுப்பாகவோ வேறு கோணத்திலோ தெரியும்.

நான் ஒருமுறை படத்தை மட்டும் பார்த்து ஒரு பழைய போர்டை வாங்கினேன். கணினி எழுந்தது, ஆனால் 32 ஜிபியில் 16 மட்டும்தான் தெரிந்தது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு நாள் போனது. கடைசியில் பிராசஸரைக் கழற்றி விளக்கடித்தபோது ஓரத்தில் ஒரே ஒரு பின் படுத்திருந்தது. அதன் வழியாகத்தான் ஒரு ரேம் சேனல் போகிறது. அன்றிலிருந்து சாக்கெட்டின் தெளிவான படம் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. புது போர்டோடு வரும் பிளாஸ்டிக் மூடியையும் எறியாமல் வைத்திருங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது கேட்கப்படும்.

போர்டை மாற்றினால் விண்டோஸ் என்ன ஆகும்?

கழற்றுவதற்கு முன்பே இரண்டு வேலை. பிட்லாக்கர் (எஸ்எஸ்டியைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு அதை நிறுத்துங்கள். வழக்கமாகப் பூட்டைத் திறக்கும் சாவி பழைய கணினியின் டிபிஎம்மில் (சாவிகளைப் பாதுகாக்கும் பகுதி) இருக்கிறது, போர்டு மாறினால் மீட்புச் சாவி இல்லாமல் எஸ்எஸ்டி திறக்காது. அப்புறம் விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். தனியாக வாங்கிய உரிமம் புது போர்டுக்கு வரும், கணினியோடு சேர்ந்து வந்தது பழைய போர்டோடு போய்விடும்.

முடிந்தால் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 தேவை. வேலரண்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியை எழுப்பும் வசதி) இருந்தால்தான் திறக்கும். இரண்டையும் பயாஸில் இயக்கிவிட்டு நிறுவினால் பின்னால் தொல்லை இல்லை.

எல்லாம் மாட்டிவிட்டேன், மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறதே?

பொறுங்கள். டிடிஆர்5 போர்டு முதல்முறை எழும்போது ரேமோடு பேசிப் பழகிச் சரியான நேரக்கணக்கைக் கண்டுபிடிக்கும். ஏஎம்5-இல் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். பதறிப்போய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்டின் ஓரத்தில் பிராசஸர், ரேம், கார்டு, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் எது எரிகிறது என்று பாருங்கள். ரேம் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கால் மணி நேரம் வரை விட்டுவிடுங்கள். அதற்கும் மேல் போனால் ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து முயலுங்கள். "டக்" என்று ஒலி கேட்கும்வரை அழுத்தியிருக்க வேண்டும்.

மானிட்டர் கேபிள் போர்டின் எச்டிஎம்ஐயில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டில் செருகியிருந்தால் ஒன்று படமே வராது, அல்லது படம் வந்து கேம் நத்தையாக நகரும்.

படம் வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.